உன் அப்பா கடைசியாகக் கேட்டது

ராசா,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போனில் சொன்ன ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஓசூரில் வீட்டு வேலை முடிந்துவிட்டது, தையில் கிரகப்பிரவேசம், ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட வேண்டும் என்றெல்லாம் சொன்னாய். கடைசியில், "அப்பா கடைசியா சொன்னதைச் செஞ்சு முடிச்சுட்டேன்மா" என்றாய். நான் ரொம்ப சந்தோஷம் என்றேன். மருந்து சாப்பிட்டீங்களா என்று கேட்டாய். சாப்பிட்டேன் என்றேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. டாக்குரியா ஸ்டேஷனுக்கு லோக்கல் வண்டிகள் வருவதும் போவதுமாக இருந்தன. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து, அது கருகிய வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன்.

இங்குள்ள தமிழ்க்காரர்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒரு மலர் போடுகிறார்கள். பழைய ஆள் என்பதால் என்னிடமும் ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். கல்கத்தா அனுபவங்கள் என்று ஏதாவது எழுதித் தரலாம் என்று இருந்தேன். இப்போது இதைத்தான் கொடுக்க நினைக்கிறேன். உனக்குச் சொல்ல வேண்டியதை ஊருக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று நீ கேட்பாய். பொய்யை நான் பத்துப் பேர் நடுவில் சொன்னேன், அதனால்தான். ஆனாலும் முதலில் உனக்கு அனுப்புகிறேன். வேண்டாம் என்று நீ சொன்னால் கொடுக்க மாட்டேன். உன்னை உட்கார வைத்து அழ அழ நான் சொல்லிக்கொடுத்த எழுத்து இது. மெதுவாகவாவது படித்துவிடுவாய்.

முதலில் போன வருடத்துப் பேச்சை எடுத்துவிடுகிறேன். உன் பெங்களூர் வீட்டுக்கு நான் வந்திருந்தபோது காலையில் நீ பூஜை அறையில் உட்கார்ந்திருந்தாய். உன் மாமனாரும் மாமியாரும் ஹாலில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். உன் மகள் என்னிடம் வந்து, பாட்டி நீங்க சாமி கும்பிட மாட்டீங்களா, அப்பா மட்டும் ஏன் கும்பிடுறாங்க என்று கேட்டாள். "உங்க அப்பனுக்குப் பயம், அதான் கும்பிடுதான்" என்று சொன்னேன். குழந்தை சிரித்தது. உன் மாமனார் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டார். நீ மணி அடிப்பதை நிறுத்தியது எனக்குக் கேட்டது. நான் கிளம்பியபோது ஏர்போர்ட்டுக்குக் கொண்டுவந்து விட்டாய், பெட்டியைத் தூக்கி வைத்தாய், "பாத்துப் போங்கம்மா" என்றாய்.

அன்றுதான் முதல் தடவையாக என்னைப் போங்க என்று சொன்னாய். நாற்பது வருடமாக என்னை நீ, வா, போ என்றே பேசிய பிள்ளை. எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் அம்மாவை அப்படித்தான் பேசும். சண்டை போடும்போது வங்காளத்தில் கத்துவாய். "துமி கிச்சு போஜோ நா", உனக்கு ஒன்றுமே புரியாது என்று. அந்தக் கத்தலை இப்போது எத்தனை ஆசையாக நினைத்துக்கொள்கிறேன் என்று உனக்குத் தெரியாது. இந்த ஒரு வருடமாக நீ எனக்குக் கொடுக்கிற மரியாதையில் ஒரு குறையும் இல்லை. வாரம் தவறாமல் போன், மாதம் தவறாமல் மருந்து. பக்கத்து வீட்டுக்காரர்கள், பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்கிறார்கள். நான் தலையை ஆட்டிக்கொள்கிறேன்.

நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்று நீ யோசித்திருப்பாய். கடவுள் இல்லை என்று எனக்கு யாரும் வந்து சொல்லித்தரவில்லை. அலிப்பூர் கோர்ட்டில் முப்பத்திரண்டு வருடம் நான் உட்கார்ந்திருந்த மேஜைக்கு அபிடவிட்டுகள் வரும். கடவுள் சாட்சியாக நான் சொல்வதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, செத்துப்போன அண்ணனுக்கு வாரிசே இல்லை என்று எழுதிக் கொடுப்பார்கள். மறு வாரம் அந்த அண்ணனின் பெண்டாட்டியும் இரண்டு குழந்தைகளும் வந்து எதிரே நிற்பார்கள். அவர்களும் அதே கடவுளைச் சாட்சிக்கு வைத்து எழுதிக் கொண்டுவருவார்கள். இரண்டையும் ஒரே நாடாவில் கட்டி வைப்பது என் வேலை. இத்தனை வருடத்தில் அந்தச் சாட்சி ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. அரசியல் கட்சிக்காரன் வந்து பேசினாலும் சரி, மொழி, இனம் என்று யாராவது மார்தட்டினாலும் சரி, இவன் எதை மறைக்கிறான் என்றுதான் என் புத்தி முதலில் தேடும். அது புத்திசாலித்தனம் என்று நான் நினைத்திருந்தேன். பாதிக்குப் பாதி அது திமிர்தான்.

உன் அப்பா நம்பிக்கையுள்ள மனிதர். ஆனால் அவருடைய பக்தி யாருக்கும் இடைஞ்சலாக இருந்ததில்லை. குளித்துவிட்டு வந்து துன்னூறு வைக்கும் கொப்பரைக் கிண்ணத்தில் மூன்று விரலை விட்டு நெற்றியில் பூசிக்கொள்வார். திருநீறு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, எங்கள் ஊர்ப் பேச்சில் அது துன்னூறுதான். பூசிக்கொண்டு அரை நிமிஷம் கண்ணை மூடி நிற்பார். அவ்வளவுதான் அவருடைய மதம். அதோடு பேங்குக்குக் கிளம்பிவிடுவார். நான் பவுடர் போட்டாச்சா என்று கேலி செய்வேன். போட்டாச்சு, நீயும் போட்டுக்கோ என்பார். எங்கள் இருபத்து மூன்று வருடத்தில் கடவுளைப் பற்றி நாங்கள் பேசியதெல்லாம் இந்த இரண்டு வரிதான்.

ஷிகா மாஷியை உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் மலரில் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்குக் கீழே, தரைத்தளத்தில் இருப்பவள், உனக்கு மாஷி, அதாவது பெரியம்மா முறை. கல்யாணம் செய்துகொள்ளாதவள், பள்ளிக்கூட டீச்சர், அப்போது இங்கே ஆட்சியில் இருந்த இடதுசாரிக் கட்சியில் தீவிரமான ஆள். என்னைவிட நாலு வயது மூத்தவள் என்பதால் நான் ஷிகாதி என்பேன், ஷிகா அக்கா என்ற மாதிரி. அவள் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தொக்கினி என்பாள். தெற்கத்திக்காரி என்று அர்த்தம். அவளும் சாமி கும்பிட மாட்டாள். புஜோ, அதாவது துர்கா பூஜை நாட்களில் பந்தலுக்கு வெளியே கட்சிக்காரர்கள் போடும் புத்தகக் கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள், உள்ளே எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். அதனாலேயே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

உனக்கு அப்போது நாலரை வயது இருக்கும். கீழே விளையாடிவிட்டு மூச்சிரைக்க ஏறி வந்து, "மா, ஜோல் தாவோ" என்று வங்காளத்தில் தண்ணீர் கேட்டாய். தமிழில் கேள், தருகிறேன் என்று சொன்னேன். உனக்கு அந்த நேரத்தில் வார்த்தை வரவில்லை. மறுபடியும் ஜோல் என்றாய். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் கேட்டு ஷிகாதி மேலே வந்தாள். விஷயம் தெரிந்ததும் என் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி உன் வாயில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, எல்லோரையும் வெறியர் வெறியர் என்கிறாயே, நீ யார் என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் அந்தப் பழக்கத்தை விடவில்லை. உன் தமிழ் சுத்தமாக இருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லாம் மெச்சுவார்கள். அதற்கு நீ என்ன விலை கொடுத்தாய் என்று அவர்களுக்குத் தெரியாது. இன்றைக்கு உன் மகள் என்னிடம் இங்கிலீஷில் பேசினால் நான் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிறேன். உனக்குக் கொடுக்காததை அவளுக்குக் கொடுக்கிறேன் என்று நீ நினைத்தால், அதில் தப்பில்லை.

இனி ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். இவ்வளவு சுற்றி வந்ததே அதைத் தள்ளிப்போடத்தான்.

உன் அப்பாவுக்குப் பேங்கில் நெஞ்சுவலி வந்து சேர்த்த மூன்றாம் நாள். நீ துர்காபூர் ஹாஸ்டலில் இருந்தாய், பரீட்சை நடந்துகொண்டிருந்தது. ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொன்னதால் உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அப்பாதான் தடுத்தார். சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் நானும் ஷிகாதியும் போனோம். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். அப்பாவைத் தனி அறைக்கு மாற்றியிருந்தார்கள். முகம் தெளிவாக இருந்தது. ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன், இரண்டு சுளை தின்றார். பிறகு நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நெத்தி வெறுமனே இருக்குட்டி. கொஞ்சம் துன்னூறு பூசி விடுதியா?"

ராசா, என் கைப்பையில் துன்னூறு இருந்தது. லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து வந்த உறவுக்கார அம்மாள் ஒருத்தி காலையில்தான் ஒரு பொட்டலம் கொடுத்திருந்தாள். வாங்கிப் பையில் போட்டிருந்தேன். கையை விட்டு எடுத்தால் போதும். நான் சொன்னேன்: "ஆஸ்பத்திரியில எதுக்கு அதெல்லாம். வீட்டுக்கு வந்து குளிச்சுட்டுப் பூசிக்கிடுங்க."

அவர் சிரித்தார். சரி என்றார். கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை, அவருக்கு அதெல்லாம் வராது. நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். பயந்துபோய்க் கேட்கிறார், அந்தப் பயத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேனா? பூசிவிட்டால் நிலைமை மோசம் என்று நானே ஒத்துக்கொண்டது போல ஆகும் என்று தோன்றியதா? இல்லை, ஷிகாதி பக்கத்தில் நிற்கிறாள், அவள் முன்னால் நான் துன்னூற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதா என்ற வெட்கமா? மூன்றாவதுதான் உண்மை என்று சில நாட்களில் தோன்றும். அதுதான் தாங்க முடியாததாக இருக்கிறது.

வராந்தாவுக்கு வந்ததும், தமிழ் புரியாத ஷிகாதி, அவர் என்ன கேட்டார் என்றாள். சொன்னேன். ஒரு வேடிக்கை போலத்தான் சொன்னேன். அவள் நின்றுவிட்டாள். "இருந்தால் கொடுக்க வேண்டியதுதானே. அதில் உனக்கு என்ன குறைந்துவிடும்?" என்று கேட்டாள். கட்சிக்காரி நீயா இதைச் சொல்கிறாய் என்றேன். நாளைக்காவது கொடு என்றாள். நாளை என்று ஒன்று இருக்கும் என்று இரண்டு பேருமே நம்பித்தான் வீட்டுக்கு வந்தோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு உறவுக்காரர்கள் அவர் நெற்றி நிறைய, மார்பு நிறைய, கை நிறையப் பூசினார்கள். அவர் கேட்டபோது கிடைக்காதது.

நீ மத்தியானம்தான் வந்து சேர்ந்தாய். மயானத்தில், எல்லாம் முடிந்து எல்லோரும் நின்றுகொண்டிருந்தபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா கடைசியா என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டாய். பத்துப் பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். ஷிகாதி ஓரமாக நின்றிருந்தாள். நான் சொன்னேன்: "வாடகை வீட்டுலயே காலம் போயிட்டு, பிள்ளையாவது சொந்தமா ஒரு வீடு கட்டணும்னு சொன்னாங்க." நீ தலையை ஆட்டினாய். உன் முகத்தில் அந்த நிமிஷம் ஒன்று வந்து உட்கார்ந்தது, அது இன்று வரை இறங்கவில்லை. அப்பா அதைச் சொல்லவே இல்லை என்று இல்லை. ஏதோ ஒரு மாதம் வாடகை ஏற்றியபோது சொன்னார்தான். ஆனால் கடைசியாகச் சொன்னது அது இல்லை. முப்பத்திரண்டு வருடம் மற்றவர்களின் பொய்ச் சத்தியத்தைக் கோப்பில் கட்டி வைத்த எனக்கு, அப்படி ஒன்றைத் தயார் செய்ய மூன்று விநாடிகூட ஆகவில்லை.

ஷிகாதி அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஏழு வருடம் அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்க வைத்தது நான்தான். இங்கே ஆட்சி மாறிய வருடம். அவர்கள் கட்சி தோற்று, தெருமுனையில் இருந்த அவர்கள் ஆபீஸைப் பூட்டிய வாரம். கட்சிக்காரர்கள் நாலைந்து பேர் அவள் வீட்டில் இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நானும் வழக்கம்போலத் தேநீருக்குப் போயிருந்தேன். பேச்சு எங்கெங்கோ போய், உங்கள் கட்சியும் ஒரு கோயில்தான் ஷிகாதி, கேள்வி கேட்டவனை வெளியே நிறுத்தினீர்கள், இப்போது சாமியே வெளியே போய்விட்டது என்று சொன்னேன். சொன்ன விஷயத்தில் தப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் முப்பது வருட உழைப்பு போய் உட்கார்ந்திருக்கிறவளிடம், அவளுடைய ஆட்கள் முன்னால், அதை ரசித்துச் சொன்னேன். ஷிகாதி கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் வங்காளத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"நான் நம்பினது தப்பாவே இருக்கட்டும். ஒருத்தர் சாகப் போகும்போது கேட்டதைக் கொடுக்காத அளவுக்கு நான் எதையும் நம்பினதில்லை."

மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு பதினோரு வருடம் நாங்கள் பேசவில்லை.

பதினோரு வருடம் என்று எழுதுவது சுலபம். ஒரே மாடிப்படி, ஒரே வாசல், ஒரே தண்ணீர்த் தொட்டி. அவள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற அன்று மாலையோடு ரிக்ஷாவில் வந்து இறங்குவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். உன் கல்யாணப் பத்திரிகையை அவள் தம்பி மகன் கையில் கொடுத்து அனுப்பினேன். அவள் வரவில்லை, மருமகள் கவிதாவுக்கு ஒரு புடவை மட்டும் அனுப்பினாள். மாஷி ஏன் வரலை என்று நீ கேட்டபோது முழங்கால் வலி என்று சொன்னேன். ஏதாவது ஒரு அசட்டுத்தனத்தைப் பேப்பரில் படித்தால் உடனே கீழே ஓடி அவளிடம் சொல்லத் தோன்றும். செருப்பை மாட்டிக்கொண்டு கதவு வரை போயிருக்கிறேன். அவள் என்னைத் திட்டியதற்காக நான் பேசாமல் இருந்தேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளுக்குத் தெரியும் என்பதற்காகத்தான் பேசாமல் இருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், வைகாசி வெயிலில் ஒரு மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஷிகாதி. ரவிக்கைக் கொக்கி மாறிப் போட்டிருந்தாள். "தொக்கினி, ஒரு சா கொடேன்" என்றாள். நேற்றுச் சாயங்காலம் குடித்துவிட்டுப் போனவள் மாதிரி உள்ளே வந்து, சமையலறையில் அவள் வழக்கமாக உட்காரும் முக்காலியைத் தேடினாள். அதைத் தூக்கிப் போட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. நான் நாற்காலி கொண்டுவந்து போட்டேன்.  சமாதானத்துக்கு வந்திருக்கிறாள், நான்தான் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தைகளைத் தேடினேன். ஷிகாதி, அன்றைக்கு நான் பேசியது, என்று ஆரம்பித்தேன்.

"ஊரிலிருந்து எப்போ வந்தே? இத்தனை நாளா ஆளையே காணோம்" என்றாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "தாதா பேங்கிலிருந்து வர நேரமாகுமோ?" என்று கேட்டாள். தாதா, அண்ணா, என்று அவள் சொன்னது உன் அப்பாவை.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவளைக் கவனித்துக்கொள்ள மாலதி என்ற ஆயாவைத் தம்பி குடும்பம் வைத்திருப்பதும், இரண்டு வருடமாகவே ஞாபகம் குறைந்து வருவதும் பிறகுதான் தெரியவந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை. அவள் தேநீரைக் குடித்துவிட்டுச் சர்க்கரை போதாது என்றாள். மன்னிப்புக் கேட்க நான் தயார் செய்த வார்த்தைகளுக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. பதினோரு வருடச் சண்டை அவள் கணக்கில் நான் ஊருக்குப் போய் வந்த கொஞ்ச நாள்.

இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அன்றைக்கு அவள் இறங்கிப் போன பிறகு எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவை அறிந்த இன்னொரு ஆள் உலகத்தில் இல்லை. இனி யாரும் அதைச் சொல்லிக் காட்ட முடியாது. நான் வாயை மூடிக்கொண்டால், நான் சொன்னதுதான் நடந்தது. சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டு கவளம் உள்ளே போயிருக்கும், தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். அவர் கேட்டது என் ஒருத்தி ஞாபகத்தில்தான் இருக்கிறது. எனக்கு எழுபத்து நாலு. என் ஞாபகமும் ஒரு நாள் ஷிகாதியுடையது போல ஆனால், உன் அப்பா அந்த வார்த்தையைக் கேட்கவே இல்லை என்று ஆகிவிடும். இரண்டாவது தடவையாக நான் அவருக்கு 'இல்லை' என்று சொன்னதாக ஆகும்.

அப்போதே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். தள்ளிப்போட்டேன். இந்த வருடத் துர்கா பூஜை அஷ்டமி வரவில்லை என்றால் இன்னும் தள்ளிப்போட்டிருப்பேன். அஷ்டமியன்று காலையில் மாலதி மேலே வந்து, பிஷிமா, அதாவது ஷிகாதி, குளித்துவிட்டுப் புதுப் புடவை கட்டிக்கொண்டு பந்தலுக்குப் போக வேண்டும், தேவிக்குப் பூப்போட்டு அஞ்சலி கொடுக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள், தனியாகக் கூட்டிப்போகப் பயமாக இருக்கிறது, நீங்களும் வருகிறீர்களா என்று கேட்டாள். ஐம்பது வருடமாகப் பந்தலுக்குள் கால் வைக்காதவள். தான் நம்பாதவள் என்பதையும் மறந்துபோயிருந்தாள். நான் போனேன். ஒரு பக்கம் மாலதி, மறுபக்கம் நான். பட்டினியாக வந்திருந்த கூட்டம், மைக்கில் புரோகிதர், எல்லோர் கையிலும் பூவும் வில்வ இலையும் திணித்துக்கொண்டே போகிற பையன்கள். ஷிகாதி கையிலும் திணித்தார்கள். மந்திரம் சொல்லி முடிந்து எல்லோரும் பூவைப் போட்டார்கள். அவள் மட்டும் கையை மூடிக்கொண்டு நின்றாள். என் பக்கம் திரும்பினாள். கண்ணில் அப்படி ஒரு பயம்.

"யாருக்குப் போடணும்?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் வாழ்நாள் முழுக்க இருந்திருக்கிறேன், பெருமையாகவும் இருந்திருக்கிறேன். "மாவுக்கு" என்றேன். இந்த ஊரில் தேவிக்கும் அதே வார்த்தை, பெற்றவளுக்கும் அதே வார்த்தை. "மா வந்திருக்காளா?" என்றாள். வந்திருக்கிறாள், உனக்காகத்தான் நிற்கிறாள் என்று சொன்னேன். அவள் கையைப் பிடித்து விரல்களைப் பிரித்து, நானும் அவளுமாகப் பூவைப் போட்டோம். அவள் முகம் ஒரு சின்னப் பெண்ணுடையது மாதிரி ஆகிவிட்டது. என் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் சொன்னது உண்மையா பொய்யா என்று அந்த நேரத்தில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இதை மட்டும் நினைத்தேன்: இது எவ்வளவு சின்ன வேலை. இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு பொட்டலத்தைப் பிரிக்க எனக்கு இவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது.

நான் மாறிவிட்டேன் என்று கவிதாவிடம் சொல்லிவிடாதே. நான் நம்பவில்லை. நாளைக்கு நெஞ்சுவலி வந்தாலும் நம்பப் போவதில்லை என்றுதான் நினைக்கிறேன். நீ குடும்பக் குழுவில் அனுப்புகிற அரசியல் செய்திகளில் பாதியைப் படித்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. உங்கள் கட்சி செய்வதெல்லாம் சரி என்று நீ பேசும்போது, அந்தக் காலத்து ஷிகாதி குரல்தான் எனக்குக் கேட்கிறது, கொடி மட்டும் வேறு. இதையெல்லாம் நான் உன்னிடம் சொல்லத்தான் போகிறேன். நீ திருப்பிச் சொல்ல வேண்டும். பழையபடி வங்காளத்தில் கத்து. ஆனால் உன்னைப் பயந்தவன் என்று உன் குழந்தையிடம் சொன்னேனே, அதை உன் வீட்டில், அந்தக் குழந்தையை உட்கார வைத்து, உன் மாமனார் இருக்கும்போதே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நான்தான் அன்றைக்குப் பயந்தவள். பக்கத்தில் நின்ற ஒருத்தி என்ன நினைப்பாளோ என்று பயந்து, கட்டின புருஷன் கேட்டதைக் கொடுக்காதவள்.

உன் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பா சொன்னார் என்பதற்காக இருபது வருடம் மிச்சம் பிடித்தாய், ஊர் ஊராக மாற்றல் வாங்கினாய், கவிதா எத்தனையோ ஆசைகளை ஒதுக்கி வைத்தாள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கட்டளையை அவர் இடவில்லை. நான் இட்டேன். அதற்காக நீ என் மேல் கோபப்பட்டால் அது நியாயம். ஆனால் கோபம் ஆறின பிறகு அந்த வீட்டை ஒருதரம் சுற்றிப் பார். யாருடைய கடைசி ஆசையும் இல்லாத வீடு அது. நீங்கள் மூன்று பேரும் உங்களுக்குப் பிடித்த மாதிரி அதில் இருக்கலாம். அப்பா கேட்டது வெறும் துன்னூறுதான், ராசா. அவர் உன்னிடம் எதையும் கேட்டுவிட்டுப் போகவில்லை.

தைக்கு நான் வருகிறேன், டிக்கெட் எடுத்துவிடு. ஆனால் திரும்பி வரும்போது என்னைத் தனியாக விமானத்தில் ஏற்றி அனுப்பாதே. நீ கூட வா. நாலு நாள் லீவு போடு. ஷிகாதி இப்போது என்னையும் சில நாள் யாரென்று கேட்கிறாள். கட்சியின் பெயர், அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடம், தம்பி மகன், எல்லாம் போய்விட்டது. உன் பெயர் மட்டும் எப்படியோ இன்னும் இருக்கிறது. சாயங்காலம் நாலரை மணி ஆனால் ஜன்னலில் உட்கார்ந்து, பையன் ஸ்கூலிலிருந்து வந்துவிட்டானா என்று மாலதியைக் கேட்கிறாளாம். மாலதி வந்துவிட்டான் என்று தினமும் சொல்கிறாள். அந்தப் பெயரும் இன்னும் ஒரு வருடம்கூட அவள் ஞாபகத்தில் தங்கும் என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். ஒரு நாளாவது, அவள் கேட்கும்போது நீ நிஜமாகவே வந்து நில்.

அம்மா